பாலில் சேர்த்ததும் பாலில் சேர்ந்ததும்

டீ தண்ணியாக இருந்தாலும் ‘பாலில் கலப்படம்’ என்கிறோம், வாடை அடித்தாலும் அதையேதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதைப் பிரித்துச் சொல்வார்கள். காசுக்காகத் தெரிந்தே கலந்தால் அடல்ட்ரேஷன். யாரும் கலக்காமலே வந்து சேர்ந்தால் கன்டாமினேஷன். முன்னது கலப்படம், பின்னது மாசு. மதுரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் கலந்ததை வீட்டிலேயே பார்த்துவிடலாம். எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு சொட்டுப் பால் விடுங்கள். நல்ல பால் மெதுவாக இறங்கி வெள்ளைத் தடம் விடும். தண்ணிப் பால் தடமில்லாமல் ஓடிவிடும்.

மாசு அப்படிக் கண்ணுக்குச் சிக்காது. 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடம்புக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12. அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பை மீறி இருந்தவை 368. தமிழ்நாட்டில் மட்டும் 551-இல் 88. எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களிலும் நம்முடையதே அதிகம்.

அந்த நச்சை யாரும் பாலில் ஊற்றவில்லை. ஐப்பசி மழையில், தொழுவத்து மூலையில் வெறுந்தரையில் கிடக்கும் கடலைப் புண்ணாக்கு மூட்டை ஈரத்தை இழுக்கிறது. உள்ளே கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம் பிடிக்கிறது. அதன் நச்சு தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. ஈரலில் எம்1 ஆக மாறி மடிக்கு வருகிறது. மக்காச்சோளம், பருத்திக்கொட்டை வழியாகவும் வரும். பாலைக் காய்ச்சினாலும் போகாது, லாக்டோமீட்டரும் காட்டாது.

உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் அம்மாவுக்கு இது தெரிய வழியே இல்லை. அவரைக் கலப்படக்காரர் என்று பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. சட்டம்கூட இப்போது இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. 1954-இல் வந்த சட்டம் பெயரிலேயே கலப்படத் தடுப்புச் சட்டம். அதன் இடத்துக்கு வந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டமோ, பயிர், கால்நடை வளர்ப்பு வழியாகத் தானே வந்து சேரும் மாசையும் தனியாக வரையறுத்திருக்கிறது.

கலப்படக்காரரை வழக்குப் போட்டுப் பிடிக்கலாம். பூசணத்துக்கு வேண்டியது வேறு. மூட்டையைப் பலகைமேல் ஏற்றி, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பூசணம் பிடித்துக் கட்டியானதை நல்லதோடு கலக்காமல் கழித்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினால் ஈரம்தான் போகும், நச்சு தங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் கொழுப்புப் பார்க்கும்போதே இந்த நச்சையும் பார்த்து, மாடு வைத்திருப்பவரிடம் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.