எழுத்துக்குத் தடுமாறும் பிள்ளை
அன்னா கில்லிங்காம் அம்மையாரின் ஆசிரியப்பணி

விழா மலரொன்றைத் திறப்போர் முதலிலே தேடுவது சித்தியெய்தினோர் பெயர்வரிசையாகும். பரிசில் பெற்றோர், பல்கலைக்கழகம் புகுந்தோர், உயர்பதவி வகித்தோர் என அவ்வரிசை நீளும். அது தகுதியே. ஆயினும், எந்தக் கல்லூரிக்கும் வேறொரு வரிசையும் உண்டு; அஃது எம்மலரிலும் அச்சேறுவதில்லை. கீழ்வகுப்புகளிலே வாசிப்பிற் பின்தங்கி, 'மொக்கு' என்றும் 'சோம்பேறி' என்றும் பெயரெடுத்து, இடைநடுவே படிப்பை நிறுத்திக்கொண்ட பிள்ளைகளின் வரிசையே அது.

என்னோடு ஆரம்ப வகுப்பிற் படித்த ஒருவனை இன்றும் நினைக்கின்றேன். ஒருமுறை கேட்ட கதையை ஒன்றும் விடாது திருப்பிச் சொல்வான். கழற்றிப் போட்ட சைக்கிளைப் பிறர் உதவியின்றிப் பூட்டிவிடுவான். வாசிப்புப் புத்தகத்தைக் கையிற் கொடுத்தாலோ வாயடைத்து நிற்பான். அடி வாங்குவதும் வாங்கின் மேல் ஏறி நிற்பதும் அவனுக்கு நாளாந்த வழக்கமாயின. ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். அவனிடத்திலே குறை கண்டோமேயன்றி, எமது கற்பித்தலிலே குறை இருக்கக்கூடுமென ஒருவரும் எண்ணினோமில்லை. அவ்வாறு எண்ணிப் பார்த்த ஓர் ஆசிரியையின் வாழ்வைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவனைப் போன்றோரை மருத்துவ உலகம் அறிந்து நெடுங்காலமாகின்றது. 'டிஸ்லெக்சியா' என்னும் பெயரை 1880களிலே வழங்கியவர் ருடோல்ப் பேர்லின் என்னும் ஜேர்மானியக் கண்மருத்துவர். அவர் கண்டது மூளை நோயினால் வாசிக்கும் ஆற்றலை இழந்த வளர்ந்தோரை. பிறவியிலேயே இவ்விடர்ப்பாடு அமைதலுண்டு என்பதை 1896ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதியவர் பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர். அவர் விவரித்த பேர்சி என்னும் சிறுவனுக்கு வயது பதினான்கு. கண்பார்வையிற் குறையில்லை, கணிதத்தில் விருப்பமுண்டு. ஆயினும் தன் பெயரைத்தானும் எழுத்து மாறாமல் எழுத அவனால் இயலவில்லை. பாடமனைத்தும் வாய்மொழியாக நடைபெறுமாயின் பள்ளியிலே முதல்வனாக விளங்குவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்தாக இருந்தது. வைத்தியர்கள் இதனைச் 'சொற்குருடு' என்றனர்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது. பிள்ளைக்கு வழி கிடைக்கவில்லை. வழிகாண முற்பட்டவருள் முதன்மையானவர் அன்னா கில்லிங்காம் அம்மையார். இவர் 1878ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்தவர். பெற்றோர் குவேக்கர் மார்க்கத்தினர். தென் டக்கோட்டாவிலே லக்கோட்டாப் பழங்குடியினரின் ஒதுக்கிடத்தில் அவர்கள் பணியாற்றியமையால், அம்மையாரின் இளமைக்காலம் அங்கே கழிந்தது. பின்னர் சுவாத்மோர், ராட்கிளிப், கொலம்பியா ஆகிய உயர்கல்வி நிலையங்களிற் பயின்றார். நியூயோர்க் நகரிலே பீலிக்ஸ் அட்லர் நிறுவிய எதிக்கல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியையாகவும் உளவியலாளராகவும் நெடுங்காலம் பணிபுரிந்தார்.

அப்பள்ளியிலே கூர்மதி வாய்ந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுட் சிலர் எழுத்தைக் கண்ட மாத்திரத்தே தடுமாறுவதை அம்மையார் கண்டார். மதிநுட்பம் குன்றிய பிள்ளைக்கே வாசிப்பு வராது என்னும் பொதுக்கொள்கை அவர் கண்முன்னே பொய்யாயிற்று. 1930களின் தொடக்கத்திலே, இதே பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஓட்டனோடு இணைந்து உழைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அப்போது அம்மையாருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. பிறர் ஓய்வைப்பற்றி எண்ணும் வயதிலே அவர் தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார்.

ஓட்டன் காரணத்தை ஆராய்ந்தார். அம்மையாரும் அவர்தம் தோழி பெசி ஸ்ரில்மனும் கற்பிக்கும் முறையை வகுத்தனர். 1930களிலே நூலாக வெளிவந்த அம்முறை இன்று 'ஓட்டன்-கில்லிங்காம் முறை' என வழங்குகின்றது. அதன் உள்ளமைப்பை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிதல் நன்று.

முதலாவதாக, சொல்லை முழுப்படமாகக் காட்டி மனனம் செய்விக்கும் வழக்கத்தை அது விலக்கிற்று. எழுத்தும் அதன் ஒலியுமே அடிப்படை. அவற்றிலிருந்து அசை, அசையிலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம் எனப் படிப்படியாகவே ஏறுதல் வேண்டும். தொடக்கத்திற் சில எழுத்துகளே புகட்டப்படும். உருவிலே இடம்வலம் மாறி ஒத்திருக்கும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகிய 'பீ', 'டீ' இரண்டும் ஒருங்கே புகட்டப்படா. ஒன்று நன்கு நிலைபெற்ற பின்னரே மற்றையது வரும்.

இரண்டாவதாக, ஒவ்வோர் எழுத்தும் மூன்று வாயில்களால் உட்புகும். கண் அதன் வடிவைக் காணும். காது ஒலியைக் கேட்கும். கை அதனை வரைந்து அசைவை உணரும். எழுத்தட்டையைக் கண்டு ஒலித்தல், ஒலியைக் கேட்டு எழுத்தைக் கூறுதல், கூறிக்கொண்டே எழுதுதல் என இவை மாறி மாறி நடைபெறும். ஒரு வாயில் தளர்ந்தவிடத்து மற்றவை துணைநிற்கும் என்பதே கருத்து.

மூன்றாவதாக, ஊகித்து வாசித்தற்கு இடமில்லை. இம்முறையைத் தொடங்கிய காலத்திலே பிள்ளை தானே வேறு நூல்களை வாசித்தல் ஆகாது. மற்றைப் பாடங்களைப் பிறர் வாசித்துக் காட்டுதல் வேண்டும். ஆகவே அவன் அறிவு பட்டினி கிடப்பதுமில்லை. தவறான பழக்கம் வேரூன்றுவதுமில்லை.

இவையாவற்றினும் மேலாக நான் மதிப்பது வேறொன்று. பாடந் தொடங்குமுன் பிள்ளையை அருகிருத்தி, அவனுடைய இடர்ப்பாடு யாது என்பதை மறைக்காது விளக்குதல் வேண்டுமென அம்மையார் வற்புறுத்தினார். எழுத்து என்பது மனிதன் மிகப் பிந்தி ஆக்கிக்கொண்ட கருவி; அது சிலருக்கு எளிதிற் கைவராது; அதனால் நீ மூடன் அல்லை என்று முதலிற் கூறுதல் வேண்டும். பல ஆண்டுகளாக அவமானமுற்ற உள்ளத்திற்கு அதனினும் சிறந்த மருந்து உண்டோ?

அம்மையார் வகுப்பறையோடு நின்றாரல்லர். ஸ்ரில்மனுடன் ஹவாய்த் தீவு சென்று, ஹொனலூலு நகரத்துப் புனஹூ பள்ளியிலே இம்முறையை நடத்தினார். ஆசிரியர்களைப் பயிற்றினார், நூலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார். ஸ்ரில்மன் 1947இலும் ஓட்டன் 1948இலும் மறைந்தனர். 1949இல் ஓட்டன் நினைவாக நிறுவப்பட்ட சங்கமே இன்று அனைத்துலக டிஸ்லெக்சியாச் சங்கமாக விளங்குகின்றது. முதுமையிலே கண்பார்வை மங்கிய பின்னும் அம்மையார் பணியை விட்டாரல்லர். 1960இலே நூலின் திருந்திய பதிப்பு வெளிவந்தது. 1963இலே அவர் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இலே நிறைவேறிய அமெரிக்கக் கல்விச் சட்டம், சிறப்புக் கல்விக்கு உரிமையுடைய கற்றல் இடர்ப்பாடுகளுள் டிஸ்லெக்சியாவையும் பெயர்கூறிச் சேர்த்துக்கொண்டது.

அவர் காலத்துக் கொள்கைகள் யாவும் நிலைத்துவிட்டன என்று கூறுதல் பொருந்தாது. மூளையின் இருபாகங்களும் எழுத்துருவிற்காகப் போட்டியிடுதலே காரணம் என்றார் ஓட்டன். பின்வந்த ஆராய்ச்சி அதனை ஏற்கவில்லை. பேச்சொலிகளைப் பகுத்துணர்தலிலும் அவற்றை எழுத்தோடு விரைந்து பொருத்துதலிலும் உள்ள தளர்ச்சியே பெரும்பாலும் காரணமென இன்று கொள்வர். இது குடும்ப வழியிலும் தொடர்வதுண்டு, கண்ணின் குற்றமன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகவும் ஒழுங்காகவும் கற்பித்தல் பயன்தரும் என்பது பல ஆய்வுகளால் உறுதியாயிற்று. அதனோடு கையால் வரைதலுஞ் சேர்வதால் மிகுபயன் உண்டோ என்பதிலே முடிவான கருத்து ஏற்படவில்லை.

இவை ஆங்கிலத்துக்கு மாத்திரம் உரியன என எண்ணற்க. தமிழிலே எழுத்தும் ஒலியும் ஆங்கிலத்தினும் நெருங்கியவை. எனினும் தடுமாற்றத்துக்கு இடமுண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைப் பிள்ளை கைக்கொள்ளல் வேண்டும். 'கெ' என்பதில் ககர ஒலிக்குப் பின்னர் கேட்கும் எகரத்தின் குறி, எழுத்துக்கு முன்னே நிற்கின்றது. 'கொ' என்பதில் ஓர் ஒலியின் குறி இருபக்கமும் பிரிந்து நிற்கின்றது. ணகர, நகர, னகர வேறுபாடும், லகர, ளகர, ழகர வேறுபாடும் பேச்சிலே மயங்குதலால் எழுத்திலும் மயங்கும். எழுத்துக்கூட்டி ஒருவாறு வாசிப்பினும், விரைவின்மையாற் பொருளைத் தவறவிடும் பிள்ளை எமது வகுப்புகளில் இருத்தல் கூடும். அவனை இனங்காண்பது ஆசிரியர் கடன்.

விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது நாம் செய்வது யாது? பிள்ளையின் விரலைப் பற்றிப் பச்சரிசியிலே 'அ' என எழுதுவிக்கின்றோம், வாயால் ஒலிப்பிக்கின்றோம், கண்ணாற் காணச் செய்கின்றோம். பழைய திண்ணைப் பள்ளியிலே மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லுதல் வழக்கமாயிருந்தது. அம்மையார் எம்மிடமிருந்து கற்றார் என்று பெருமை பேசுதற்காக இதனை நான் கூறவில்லை. ஒருநாட் சடங்காக நாம் செய்வதை, தேவையுள்ள பிள்ளைக்கு நாள்தோறும் பொறுமையோடு செய்தார் அவர் என்பதே நான் கூற விழைவது.

ஆசிரியப் பெருமக்களே, நன்றாகப் பேசியும் வாசிக்கத் தயங்கும் பிள்ளையைக் கண்டால் பிரம்பை ஒருபுறம் வைத்து, முதலிற் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். பின்னர் அவன் எந்த ஒலியிலே தடுக்குகின்றான் என்று கேளுங்கள். மாணவர்களே, வாசிக்கும்போது தடுமாறும் தோழனைக் கண்டு நகையாதீர்கள். பாடத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். பழைய மாணவர்களே, கட்டடநிதிக்கு வழங்கும் கை, இத்தகைய பிள்ளைகளுக்கு உதவும் பயிற்சிபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் வழங்குவதாக.

என்னோடு படித்தவன் எங்கிருக்கின்றானோ அறியேன். அவனுக்குக் கற்பிக்க வழி இருந்தது. அதனை நாம் அறிந்திருக்கவில்லை. இனி அறியோம் என்று கூற இயலாது.