முகம் நனைந்தால் நாடி ஏன் தணிகிறது?

மூச்சை அடக்கிக்கொண்டு குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தினால் சற்று நேரத்தில் நாடித்துடிப்பு தணியும். சீல்களும் திமிங்கலங்களும் ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவிட உதவும் அனிச்சைச் செயல் நமக்கும் இருக்கிறது. முகத்தில் பட்ட குளிர்ச்சியை ட்ரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. ஆய்வக வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு நாடியை எண்ணச் சொன்னால், மாணவருக்கு ரெக்கார்டு நோட்டை நிரப்புவதைத் தவிர வேலையில்லை. விளக்கத்தைத் தள்ளிவைத்துக் கேள்வியை முதலில் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். துடிப்பைத் தணித்தது மூச்சடக்கியதா, குளிரா, ஈரமா, குனிந்திருந்ததா? இப்போது அவர்களே ஒப்பீடுகளை அமைத்தாக வேண்டும்: நீரில்லாமல் மூச்சடக்கிக் குனிந்து ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை, குழாய் வழியே மூச்சுவிட்டபடி குளிர்நீரில் ஒருமுறை. ஒருவருக்கு வெகுவாக இறங்கும் துடிப்பு, பக்கத்திலிருப்பவருக்கு அசையாமலும் போகலாம். எத்தனை பேரிடம் பார்த்தால் நம்பலாம் என்ற கேள்வி அங்கே தானாக எழும். பாடநூல் தரும் ஒற்றைச் சராசரி எண்ணிலிருந்து அந்தக் கேள்வி பிறக்காது.

உடலியங்கியல் வளர்ந்ததும் இப்படித்தான். சிரைகளுக்குள் வால்வுகள் இருப்பதை வில்லியம் ஹார்வியின் ஆசிரியர் ஃபப்ரீசியஸ் முன்பே விவரித்திருந்தார். அவை ரத்தத்தின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன என்று எண்ணினார். ஹார்வியோ கையைக் கட்டி, புடைத்த சிரையை விரலால் அழுத்தி, ரத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தார். ரத்தச் சுழற்சியை விளக்கிய அவரது நூல் 1628இல் வந்தது. அந்தச் சோதனைக்கு இன்றும் ஒரு துணிப்பட்டையும் விரல்களும் போதும்.

தொடக்கநிலை மாணவரைத் தனியே விட்டால் குழம்பிப்போவார் என்று கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதியது கனமான ஆட்சேபம். நான் அதை ஏற்கிறேன். கேள்வியை மாணவரிடம் விடுவது அவரைக் கைவிடுவதாகிவிடக் கூடாது. நாடி பிடிப்பதையும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதையும் ஆசிரியர் நேராகவே சொல்லித்தர வேண்டும். பாடத்திட்டம் முடியாது என்பார்கள். பருவத்துக்கு இரண்டு ஆய்வுகள் ஆழமாக நடந்தாலே போதும். அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளைவிட விரிவுரை வகுப்புகளில் தோல்வி வாய்ப்பு 1.5 மடங்கு என்று காட்டியது. அது ஆய்வகத்தை மட்டும் அளந்ததல்ல, ஆனாலும் திசை தெளிவு. சிரமப்படும் மாணவர் முணுமுணுப்பதைக் கண்டு ஆசிரியர் தளரவும் வேண்டாம்: ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், பங்கேற்றுக் கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள்.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் கூடாது. இதயக் கோளாறோ மயக்கமோ உள்ளவர் நீரில் முகம் வைக்கவே கூடாது. விருப்பமில்லாதவரிடம் காரணம் கேட்கவும் கூடாது. கடிகாரம் பிடிப்பதும், ஒப்பீட்டைத் திட்டமிடுவதும், வந்த எண்களைச் சந்தேகிப்பதும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன.