விரத நாளில் செல்லுக்குள் நடப்பது என்ன?

வைகுண்ட ஏகாதசி நெருங்குகையில், திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயணப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் நோயாளிகள் சிலர் எம்மிடம் கேட்பதுண்டு: "பட்டினி கிடந்தால் உடம்பின் கழிவெல்லாம் போய்விடுமாமே, அன்று சர்க்கரை மாத்திரை எதற்கு?"

கேள்வியின் முற்பாதியில் ஓரளவு உண்மை உண்டு. நம் செல்களுக்குள் லைசோசோம் என்னும் நுண்பைகள் உள்ளன. உணவு கிட்டாதபோது செல் தன் பழுதான பாகங்களை அவற்றினுள் செலுத்திச் சிதைத்து, கிடைப்பதைக் கொண்டு பிழைக்கிறது. ஆட்டோபேஜி எனப்படும் இச்செயலின் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால், சிதைப்பதோடு வேலை முடிவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், பிரிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களும் கதவுகளும் விற்பனைக்கு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பிரித்த மரத்தை வெளியேற்றாவிடில் முற்றமே அடைபட்டுவிடும். செல்லிலும் அவ்வாறே. பட்டினியின் தொடக்கத்தில் லைசோசோம்களில் பெரும்பகுதி இப்பணியில் செலவாகிவிடுகிறது. சிதைவில் கிடைத்த பொருள்கள் பையைவிட்டு வெளியேறினால்தான் எம்டார் என்னும் புரதம் மீண்டும் விழித்தெழும். புதிய லைசோசோம்கள் பிறக்கும். எலியின் சிறுநீரகச் செல்களில் இச்சுழற்சியை 2010இல் கண்டனர். சர்க்கரையைக் கடத்துவதாகக் கருதப்பட்ட ஸ்பின்ஸ்டர் என்னும் புரதம் இல்லையேல், பைகள் வீங்கி அப்படியே தேங்குவதை 2011இல் காட்டினர். இப்புரதம் கொழுப்புச் சிதைவுப் பொருளையும் கடத்துவதாகப் பின்னர் தெரியவந்தது.

பட்டினி நீடிக்கும்போதே செல் தன் சிதைப்பைத் தானே அடக்கிக்கொள்வதுதான் எமக்கு வியப்பளிப்பது. எனினும் இவை ஆய்வுக்கூடச் செல்கள். மனிதர் எத்தனை மணிநேரம் உண்ணாதிருக்கலாம் என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

எனவே, மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டா. அதற்காக, இன்சுலினையோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையையோ வழக்கமான அளவில் எடுத்துவிட்டு உண்ணாதிருப்பதும் பேராபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள், குறைவாகவே இருந்தால் மீண்டும் பருகுங்கள். விரதம் முறிந்துவிடுமே என்று தயங்க வேண்டா. நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொணருங்கள்.

விரதம் இருக்க விரும்புவோர் ஒரு வாரம் முன்னதாகவே மருந்துச் சீட்டுடன் மருத்துவரைக் காணுங்கள். விரதம் இருக்கலாமா என்பதையும், அன்றைய மருந்தின் அளவையும் அவரே முடிவு செய்வார்.