செங்கல் தூணும் மரவேலியும்: கொத்தனார் வருமுன் தச்சரைக் கூப்பிடுங்கள்

பெங்களூரில் சிறுகச் சிறுகச் சேமித்து 30-க்கு 40 மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள், சுற்றுச்சுவரைப் பற்றி நினைப்பது கடைசியில்தான். அப்போது கையில் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. முன்பக்கம் முழுச்சுவர் எழுப்பினால் வாசல் இருட்டடித்துப் போகும். அதனால் இடுப்பளவுக்குக் கீழே சுவர், ஆறடிக்கு ஒரு செங்கல் தூண், இடையே மரவேலி என்று சிலர் முடிவு செய்கிறார்கள். பார்வைக்கு அழகு, பூச்செடிக்கும் வெயில் கிடைக்கும்.

1809-ல் ராணுவக் குடியிருப்பு ஏற்பட்ட நாள் முதல் தமிழர் வந்து குடியேறிய ஊர் இது. கண்டோன்மெண்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களில், ஜன்னலுக்கு மேல் கூம்பாக நீட்டிய 'மங்கி டாப்' மரவேலையை இன்றும் பார்க்கலாம். மழையில் நனையும் இடத்தில் மரத்தை வைக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

யார் மேல் குற்றம்?

புது வீட்டு மரவேலியோ பல இடங்களில் இரண்டு மழைக்காலம் தாண்டுவதில்லை. பலகை ஆடும், முனை கறுத்து உதிரும். கொத்தனாரைக் கேட்டால், "தச்சர் ஆணியடித்துத் தூணைப் பிளந்துவிட்டார்" என்பார். தச்சரைக் கேட்டால், "தூண் ஈரம் கக்கினால் மரம் என்ன செய்யும்?" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. செங்கல்லும் மரமும் சேரும் இடம் இருவருக்கும் பொதுவானது. ஆகவே இருவருமே அதைக் கவனிப்பதில்லை. பணம் கொடுத்தவர்தான் நஷ்டப்படுகிறார்.

செங்கல் தண்ணீர் குடிக்கும். 24 மணி நேரம் ஊறவைத்தால் சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் இழுக்கலாம் என்று இந்தியத் தர விதியே அனுமதிக்கிறது. பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 38 அங்குல மழை. செப்டம்பர், அக்டோபரில் தூண் காய நேரமே இருக்காது. அந்தத் தூணோடு பலகையின் வெட்டுமுனை ஒட்டிக் கிடந்தால், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல மரம் ஈரத்தை இழுக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு தேக்கு என்ன, வேங்கை என்ன? சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

அரை அங்குல இடைவெளி

பரிகாரம் எளிது. மரம் எந்த இடத்திலும் செங்கல்லைத் தொடக்கூடாது. இரு பக்கமும் அரை அங்குலம் விட வேண்டும். அடியில், கட்டைச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட வேண்டும்.

அப்படியானால் வேலி எதில் நிற்கும்? 'எல்' வடிவ இரும்புப் பட்டையில். தூண் எழும்பும்போதே, மேலும் கீழுமாக ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டைகளைக் கான்கிரீட்டில் பதித்துவிட வேண்டும். அவை எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதைத் தச்சர்தான் சொல்ல முடியும். முதல் வரிசைச் செங்கல் வைக்கும் நாளிலேயே அவர் அங்கே இருக்க வேண்டியது இதற்காகத்தான். ஒரு நாள் கூலி அதிகம்தான், ஆனால் வீணல்ல.

தூணில் துளையிட்டு மர ஆப்பு அடித்து, அதில் திருகாணி முடுக்குவது பழைய வழக்கம். வெயிலில் ஆப்பு சுருங்கும். திருகாணி கழன்று வரும். ஆறடி நீளம், மூன்றடி உயரத் தேக்குவேலி ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். காற்றடிக்கும்போது அத்தனையும் அந்த ஆப்பின் மேல்தான். பட்டையில் போல்ட் போட்டால், ஒரு பலகை கெட்டாலும் செங்கல்லை உடைக்காமல் கழற்றி மாட்டலாம்.

வேலியைச் செய்து வைத்துக்கொண்டு தூண் கட்டச் சொல்வது தலைகீழ் வேலை. எவ்வளவு கைதேர்ந்த கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்தாலும் இரண்டு தூண்களின் இடைவெளி ஒன்றுபோல் வராது. தூண் கட்டி, ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, அதில் சிறிய அளவுக்கே சட்டம் அடிக்க வேண்டும். எந்தச் சட்டம் எந்த இடைவெளிக்கு என்று சாக்கட்டியால் எண் போட்டுவிட்டால் குழப்பம் வராது.

பலகைகளை நெருக்கி அடைப்பதும் தவறு. மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. அகலத்தில் மழைக்கு உப்பும், கோடையில் சுருங்கும். பலகைக்குப் பலகை அரை அங்குலம் விட்டால் காற்றும் புகுந்து போகும். அடைத்த வேலியைக் காற்று பாய்மரம் போலத் தள்ளும். சாதா இரும்பு ஆணி தேக்கில் கறுப்புக் கறை விடும்; துத்தநாகம் பூசியதோ பித்தளையோ வாங்கலாம். தூணின் தலையில் சரிவான மூடுகல் வைத்து, அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் பலர் மறந்துவிடும் வேலை இது.

எல்லைக் கல்லையும் மறக்கக்கூடாது. தூணைவிட அதன் அஸ்திவாரம் அகலமானது. தூண் தன் மனைக்குள் நின்றாலும், மண்ணுக்கடியில் நான்கு அங்குலம் அடுத்த மனைக்குள் போய்விட்டால் வழக்கு வரை போகும். தோண்டுமுன் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து நூல் பிடித்துக் காட்டிவிடுவது நல்லது.

பிறகு ஆண்டுக்கொரு முறை, ஜூன் மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். காய்ந்த மரத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். வெட்டுமுனைகளுக்கு இரண்டு கை. போல்ட்டுகளையும் அப்போதே முடுக்கிவிடலாம்.