பெண்களுக்கு வைத்த பரீட்சை

1986ஆம் ஆண்டு மெக்ஸிக்கோ நகரிலே கூடிய சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளன மகாநாட்டில், நோர்வேப் பிரதிநிதி எலன் வில்லே என்னும் பெண்மணி எழுந்து, மாதருக்கும் ஓர் உலகக் கிண்ணம் வேண்டுமென வாதாடினார். சபையார் உடனே கிண்ணத்தை ஈந்தாரல்லர். முதலிற் சோதித்துப் பார்க்க விரும்பி, 1988 யூன் மாதத்தில், சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துக்குப் பன்னிரண்டு நாட்டு மாதரை அழைத்து ஆடுவித்தனர். 1930இல் ஆடவருக்குக் கிண்ணம் வைத்தபோது இத்தகைய பரீட்சை எதுவும் இருந்ததில்லை. ஆதலின் இவ்வோரவஞ்சனை எமக்கு உவப்பாயில்லை.

மாதர் ஆட்டத்தை எவர் பார்ப்பர் என்ற ஐயத்தைச் சீன மக்கள் ஆயிரமாயிரமாய்த் திரண்டு தீர்த்துவைத்தனர். இறுதியாட்டத்தில் நோர்வே சுவீடனை 1–0 என வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் லின்டா மெடாலன்.

சபை இணங்கிற்று. 1991இல் அதே குவாங்டொங்கில் மாதர் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. ஆயினும் ஆட்டமொன்றுக்கு 80 நிமிடங்களே வகுத்தனர். தொண்ணூறு வரை பெண்கள் தாங்கார் என்று எண்ணினர் போலும்!