டயகம ஏற்றத்தில் பெற்றோலா, மின்சாரமா?

கொழும்பில் வேலை செய்யும் டயகம இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "அண்ணே, ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எடுக்கவா, லீஃப் எடுக்கவா?" வேகமும் வேண்டும், ஊரில் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு தலவாக்கலைக்கு இறங்கவும் வேண்டும்.

கடதாசியில் இரண்டும் சமம். சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 லீற்றர் டர்போ எஞ்சின் 140 குதிரைவலு. 40 கிலோவாட் மணி பற்றரியுள்ள நிசான் லீஃப் 150. நூறு கிலோமீற்றர் வேகத்தை இரண்டுமே ஏறக்குறைய 8 செக்கனில் எட்டும். வித்தியாசம் எடையில்: ஸ்விஃப்ட் 970 கிலோ, லீஃப் சுமார் 1,500.

மலையில் கணக்கு மாறுகிறது. 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. சாதாரண பெற்றோல் எஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் போட்டியில் 2018இல் ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார் பெற்றோல் கார்களின் சாதனைகளையெல்லாம் முறியடித்தது இதனால்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் மழை ஈரத்தில், கனம் குறைந்த ஸ்விஃப்ட்டே சொன்ன பேச்சுக் கேட்கும்.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் முக்கியம். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல விபத்தில் 7 பேர் இறந்ததை மலையகம் மறக்கவில்லை. பெற்றோல் காரைச் சிறிய கியரில் போட்டு இறக்காவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். இருவருடன் ஆயிரம் மீற்றர் ஏற லீஃப்புக்கு, உயரத்துக்கு மட்டும், சுமார் நாலரை அலகு மின்சாரம் செலவாகும். இறங்கும்போது அதில் கணிசமான பகுதி திரும்பி வரும். ஒரு கண்ணி உண்டு: மேலே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் பற்றரி சக்தியை ஏற்காது, சாதாரண பிரேக்தான் மிஞ்சும். டயகமவில் 80 வீதத்தோடு நிறுத்த வேண்டும்.

எங்கே சார்ஜ் செய்வது? ஆக்ரா ஓயாத் தண்ணீரும் சேர்ந்துதான் தலவாக்கலை மேல் கொத்மலையின் 150 மெகாவாட் நிலையம் சுழல்கிறது. ஆனால் லயன்களின் பழைய வயரிங்கில் மின்னொழுக்கால் தீப்பிடிப்பது நமக்குப் புதிய செய்தியல்ல. அதில் இரவு முழுக்கக் கார் சார்ஜ் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

தட்டுப்பாட்டில் எதையும் நம்ப முடியாது. 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல். அதே ஆண்டில் 13 மணித்தியால மின்வெட்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ 40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பீர்கள். இன்றைய டர்போ எஞ்சின் அதற்கு இடம் தராது.

அந்தத் தம்பியிடம், வீட்டுக்குத் தனி மின்மானியும் நல்ல வயரிங்கும் இருந்தால் லீஃப் என்றேன். ஜப்பானில் ஓடிய பழையதென்றால், டாஷ்போர்ட்டில் பற்றரி நிலையைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். லயன்தான் வீடென்றால், இப்போதைக்கு ஸ்விஃப்ட்.