வேலூர் கற்பித்த பாடம்

தலைமை என்றதும் மேடையும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வெவ்வேறு மொழியும் சமயமும் பழக்கவழக்கமும் உடைய மக்கள் கூடி வாழும் ஒரு நகரில், அவர்களை இணைக்கும் தலைமை எத்தகையது? வரலாறு பயிலும் மாணவனாகிய எனக்கு இவ்வினாவிற்கு விடை கூறியது வேலூர். நம் அரக்கோணத்திலிருந்து காட்பாடி வரை இரயிலில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதை அடுத்திருப்பதே அந்நகர்.

சென்ற ஆண்டு என் பாட்டியாரை அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வெளியே வங்காள முதியவர் ஒருவர் ஒரு சீட்டை நீட்டி என்னிடம் ஏதோ கேட்டார். மொழி தெரியாது என்று கையை விரித்துவிட்டு நகர்ந்தேன். அருகில் தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாள், "தாதா!" என்று அவரை அழைத்து, அவர் மொழியிலேயே வழி சொன்னார். வியந்து நின்ற என்னைப் பார்த்து, "அவங்க ஊர்ல தாதான்னா அண்ணன். வர்றவங்ககிட்ட பேசிப் பேசியே கத்துக்கிட்டேன்" என்றார். என் கல்லூரிப் படிப்பு அவ்விடத்தில் நாணித் தலைகுனிந்தது.

அந்த அம்மாளின் பண்பை எண்ணியபோது, அம்மருத்துவமனை பிறந்த வரலாறும் நினைவுக்கு வந்தது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அமெரிக்க மிஷன் மருத்துவர் ஒருவரின் மகள். 1890களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூவர் அவரை நாடி வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தினர். மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடினர். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். அவருடைய தந்தையார் வரத் தயாராக இருந்தும், ஆண் மருத்துவரை அனுமதிக்க அம்மூவருக்கும் வழக்கம் இடந்தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். சாதியாலும் சமயத்தாலும் பிரிந்திருந்த மூன்று வீடுகள் துயரத்தில் ஒன்றாயின.

ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவராகி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. குடியேற்றம் சாலையில் மரத்தடிகளிலும் அவர் நோயாளிகளைக் கண்டார். எனினும் தாம் ஒருவரே எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும்? ஆகவே 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1947இல் ஆண்களும் மாணவராயினர். நாடு விடுதலை பெற்றபின் ஹில்டா லாசரஸ் அம்மையார் அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகளைக் காண்கிறேன். எல்லோருக்கும் பொதுவான ஒரு தேவையைத் தேடிப் பிடித்தவரே மக்களை இணைக்கிறார். தம் திறமையை அம்மண்ணின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, பொறுப்பையும் ஒப்படைப்பவரே நிலைத்த தலைவராகிறார்.

நம் அரக்கோணமும் பல திசை மக்கள் கூடிய ஊரே. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் இரயில் பாதை இவ்வழியே சென்றது. 1992இல் ஐ.என்.எஸ். இராஜாளி கடற்படை விமானத்தளம் அமைந்தது. இன்று தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பிரிவும் இங்குள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் இராஜாளியிலிருந்து பறந்தன. ஆபத்தில் கதவு திறக்க நம் ஊர் அறியும். அன்றாடம் திறக்கிறோமா? உருது பேசும் நண்பர் ஒருவருடன் ஈராண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்தும், அவர் வீட்டு வாசற்படியை நான் மிதித்ததில்லை.

நண்பர்களே, மேடைக்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழறியாத குடும்பத்தினருக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்போம். அவர்கள் மொழியில் பத்துச் சொற்களையேனும் கற்போம். அன்று நான் விரித்த வெறுங்கை, இனி ஒருவருக்கேனும் வழிகாட்டும் கையாகட்டும்.